மீட்டர் சொன்ன ஆழம்

எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் மேல் விரல் வைத்த வளன் சுள்ளென்று சுட்டதும் கையை இழுத்துக்கொண்டான். ஆனால் எஞ்சினின் சூட்டை அளக்கும் சென்சாரில் அவன் மாட்டியிருந்த மீட்டர், அது குளிர்ந்து விறைத்துக் கிடப்பதாகக் காட்டியது.

புதுத் துறைமுகம் கட்ட வந்த வெள்ளைக்கார எஞ்சினியர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன கார் அது. அதில் கார்புரேட்டர் கிடையாது. முன் சீட்டுக்கு அடியில் ஓர் அலுமினியப் பெட்டி இருந்தது. எஞ்சினின் சூட்டையும் காற்றின் அழுத்தத்தையும் சென்சார்கள் சொல்ல, எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்று அந்தப் பெட்டிதான் முடிவுசெய்யும். தூத்துக்குடி மெக்கானிக்குகள் யாரும் அதைத் தொடப் பயந்தார்கள். கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவன் என்பதால் அக்கா புருஷன் இனிகோ வளனைக் கூப்பிட்டுவிட்டிருந்தான்.

"கரும்புகையாக் கக்குது மாப்ள. கொஞ்ச தூரம் ஓடுனா நின்னு போவுது. நாளைக்கு ஒங்க அக்காவக் கூட்டிக்கிட்டு மணப்பாட்டுத் திருழாவுக்குப் போவணும்."

"பெட்டி கடத்தண்ணியில ஊறுனதுல்லா அத்தான்?"

"அத மாத்தியாச்சே! கப்பல்காரன் ஒருத்தன்ட்டச் சொல்லிப் புதுசு வாங்குனேன். அதுவும் இதே கூத்துதான் பண்ணுது."

இதைச் சொல்லும்போது இனிகோ காரைப் பார்க்கவில்லை. போன ஐப்பசி மழையில் அவன் அண்ணன் மனுவேல் இந்தக் காரோடு, கப்பலுக்குச் சரக்கு ஏற்றும் பழைய பாலத்திலிருந்து கடலுக்குள் போனார். சங்கு குளிக்கிறவர்கள் மூழ்கிப்போய்க் கயிறு கட்ட, கிரேன் வைத்துத் தூக்கினார்கள். நான்கு கதவுகளும் மூடியே இருந்தன. கண்ணாடிகள் ஏற்றியபடியே இருந்தன. உள்ளே மனுவேல் இல்லை. பிணம் எந்தக் கரையிலும் ஒதுங்கவும் இல்லை.

"நான் ஏலத்துக்குப் போய்ட்டு வாரேன்" என்று இனிகோ கிளம்பிவிட்டான்.

சங்குகளைச் சேர்த்துவைக்கும் கிட்டங்கியில் வளன் தனியாக நின்றான். மூலையில் குவிந்திருந்த சங்குகளுக்குள் காய்ந்தும் காயாமலும் ஒட்டியிருந்த சதையின் நாற்றம் பெட்ரோல் வாடையோடு கலந்து தொண்டையில் படிந்தது. வாடைக்காற்று தகரக் கூரையைத் தூக்கித் தூக்கி வைத்தது. சரிவாக விழுந்த மாலை வெயில் காரின் முன்பக்கத்தை மட்டும் தொட்டுவிட்டு, உள்ளே நுழையாமல் கண்ணாடியோடு நின்றது.

சென்சார்தான் கெட்டிருக்கும் என்று அதைக் கழற்றினான். மீட்டரில் மாட்டி, பிளாஸ்கிலிருந்து ஊற்றிய சூடான டீயில் முக்கினான். முள் உடனே சூட்டுப் பக்கம் ஓடியது. சென்சாரில் பழுதில்லை. திரும்பக் காரில் முடுக்கினான். முள் மெல்ல இறங்கிக் குளிரில் நின்றது.

ஒயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். பெட்டியைக் கழற்றித் திறந்தான். ஈயப் பற்றுகள் பளபளவென்று இருந்தன. உப்பில்லை, துருவில்லை. எல்லாம் சரியாக இருந்தன. காரில் மாட்டியதும் எல்லாம் பொய் சொல்லின.

அடுத்து, காற்றழுத்த சென்சார். எஞ்சின் நின்றிருக்கும்போது அது வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். மேஜையில் வைத்துப் பார்த்தபோது அப்படித்தான் காட்டியது. காரில் மாட்டினான். முள் ஏறியது. ஏறி, மீட்டரின் எல்லையில் முட்டி நடுங்கியது. அவ்வளவு அழுத்தம் காற்றுக்குக் கிடையாது. தண்ணீருக்கு உண்டு, பல ஆள் ஆழத்தில்.

'கிறுக்குத்தனமா நெனைக்காத' என்று தனக்கே சொல்லிக்கொண்டான்.

பெட்டியைத் திரும்பப் பொருத்தக் குனிந்து, முன் சீட்டுக்கு அடியில் தலையை நுழைத்தான். அப்போது கோவிலில் அந்தி ஜெபத்துக்கான திரிகால மணி அடித்தது. பனிமய மாதா கோவில் மணியைப் பிறந்ததிலிருந்து கேட்டவன் அவன். இப்போது அது மந்தமாக, எங்கோ உச்சியிலிருந்து இறங்கி வருவதுபோல் கேட்டது. காது அடைத்தது. சின்ன வயதில் முத்துச்சிப்பி எடுக்கப் போட்டி போட்டு மூழ்கும்போது அடைக்குமே, அதே வலி. மூச்சு முட்டியது. தலையை வெளியே இழுத்தான். மணியோசை கணீரென்று விழுந்தது.

தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பெட்டியில் பழுதே இல்லை. புதுப்பெட்டியிலும் இல்லை. சுற்றிலும் என்ன இருக்கிறதோ அதைத்தான் அவை சொல்கின்றன. காரை மேலே தூக்கினார்கள், கழுவினார்கள், பெயிண்ட் அடித்தார்கள். ஆனால் கார் இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

யாரும் இதை எடுத்து ஓட்டாதபடி பேட்டரியைக் கழற்றிவிடலாம் என்று எழுந்தான். பானெட்டுக்கு அடியில் குனிந்து முனையைத் தளர்த்தத் தொடங்கினான். திருகு இறுகிப்போயிருந்தது.

"ஏலே வளன், முடிஞ்சிட்டா?"

அக்கா ஆக்னஸ். ஜெபத்துக்குப் போய்விட்டு வந்த கோலத்தில், புதுச்சேலையும் தலைநிறைய மல்லிகைச் சரமுமாகக் கிட்டங்கி வாசலில் நின்றாள்.

"எக்கா, பக்கத்துல வராத. வீட்டுக்குப் போ."

"ஏன், சேல கரியாயிரும்னா? சும்மா ஒரு நிமிசம் உக்காந்து பாக்கேன். பெரியத்தான் உசுரோட இருக்கும்போது இதுல ஏறுனது."

"ஏறாதக்கா!"

அவள் சிரித்தது கேட்டது. பின்கதவு திறந்தது. வண்டி லேசாக அமுங்கியது. கதவு சாத்தும் சத்தம்.

சிரிப்பு பாதியில் நின்றது.

மீட்டர் முள் எல்லையில் முட்டிப் படபடவென்று அடித்துக்கொண்டது. வளன் பானெட்டைச் சுற்றி ஓடினான். கதவைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. பூட்டு விழுந்திருக்கவில்லை, கைப்பிடி திரும்பியது. ஆனாலும் கதவு வரவில்லை. ஒரு கடலே அதன்மேல் சாய்ந்து நின்றதுபோல் இருந்தது.

கண்ணாடிக்குள் பார்த்தான்.

உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சீட்டுத் துணி காய்ந்திருந்தது. ஆக்னசின் தலைமுடி மட்டும் அவிழ்ந்து மேலே எழும்பி, மெல்ல அலைந்தது. மல்லிகைச் சரம் கழன்று கூரையை நோக்கி மிதந்தது. சேலை ஊதிப் பெருத்தது. அவள் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. குமிழிகள் வந்தன.

"எக்கா!"

ஸ்பானரால் அடித்தான். விரிசல். மறுபடி. கண்ணாடி நொறுங்கி மண்ணில் கொட்டியது. புழுதி பறந்தது. தண்ணீர் வரவில்லை.

கையை உள்ளே விட்டான். முழங்கை வரை குளிர் கவ்வியது. சட்டைக்கை புடைத்து மிதந்தது.

"புடிச்சிக்கோக்கா! கையப் புடி!"

விரல்கள் அவன் மணிக்கட்டைப் பற்றின. இறுக்கின. "மாதாவே" என்று அழுதபடி காலை ஊன்றி இழுத்தான்.

ஆக்னஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு கைகளும் விரல் விரித்துக் கூரையில் ஊன்றியிருந்தன.

மணிக்கட்டைப் பிடித்திருந்த கை முன் சீட்டுக்கு அடியிலிருந்து வந்திருந்தது. வெளுத்து, ஊறி, நகமெல்லாம் கழன்ற ஆம்பளைக் கை. அது அவசரப்படாமல் அவனைக் கீழே இழுக்கத் தொடங்கியது.