பைண்டிங் அறையில் ஒரு கொலை

எழுத்தாளரின் பின்மண்டை பிளந்திருந்தது. நூலகத்தின் பைண்டிங் அறையில், கிழிந்த அட்டைகளுக்கும் கவிழ்ந்த பசைச் சட்டிக்கும் நடுவே குப்புறக் கிடந்தார். மேசைக்கடியில் கிடந்த சுத்தியலில் முடி ஒட்டியிருந்தது. பழைய நாளிதழ்க் கட்டுகள் வரை ரத்தம் தெறித்திருந்தது.

பெண் இன்ஸ்பெக்டர் முழங்காலிட்டுப் பார்த்தார். முதல் அடியிலேயே உயிர் போயிருக்கும். அதற்குப் பிறகும் அடித்திருக்கிறார்கள். திருட வந்தவன் இப்படி அடிக்க மாட்டான்.

மேசைமேல் ஒரு ஃபிளாஸ்க்கில் வெந்நீர், பக்கத்தில் உப்பு டப்பா, ஒரு வாளி. அந்த மூன்றின் மேலும் அவர் பார்வை சற்று நின்றது.

வெளியே கூடத்தில் உள்ளூர் எழுத்தாளர்களின் மாத வாசிப்புக்கு வந்தவர்கள் நாற்காலிகளில் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் கான்ஸ்டபிள் நின்றார்.

"அவரைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?" என்று இன்ஸ்பெக்டர் நூலகரிடம் கேட்டார்.

"வந்ததும் தலையை மட்டும் ஆட்டிட்டு நேரா உள்ளே போயிட்டார் மேடம். இல்லேன்னா என்னைப் பிடிச்சு வெச்சு அரைமணி நேரம் அறுப்பார்."

பிணத்தை முதலில் பார்த்தவர் அடுத்து வாசிக்க வேண்டிய கவிஞர். அவர் சட்டைக் கை முழுக்க ரத்தம்.

"உங்க ரெண்டு பேருக்கும் ஆகாதாமே?"

"ஆகாதுதான். என் கவிதையைக் குப்பைன்னு எழுதினவர். அதுக்காகக் கொல்லுவாங்களா? நான் போகும்போதே விழுந்து கிடந்தார். தூக்கப் பார்த்தேன்."

மைக் செட்காரர் கொலையுண்டவருக்கு மைத்துனர், மனைவியின் அண்ணன். அவர் பதற்றமில்லாமல் பேசினார்.

"மைக் கட்டி முடிச்சு நான் முன்வரிசையில வந்து உட்கார்ந்தப்போகூட மாப்பிள்ளை உள்ளே சத்தமா கதையை வாசிச்சுப் பார்த்துட்டு இருந்தார். அப்புறம் உள்ளே போனது கவிஞர் மட்டுந்தான்."

"மாப்பிள்ளை குரல்தானா?"

"எத்தனை வருஷமா கேக்கிற குரல் மேடம்! தெரியாதா?"

கவிஞர் தலையில் கை வைத்துக்கொண்டு சரிந்தார்.

மனைவி கழுத்தைச் சுற்றிச் சால்வையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"கூட்டத்துல உங்களுக்கு ஏதாவது வேலை இருந்துச்சாம்மா?"

"அவருக்குப் பதிலா நான்தான் வாசிக்கிறதா இருந்தேன்."

"ஏன்?"

"அவருக்குத் தொண்டை போயிடுச்சு. முந்தாநாள்ல இருந்து வெறும் காத்துதான் வருது. வெளியே தெரிஞ்சா மானக்கேடுன்னு யாருக்கும் சொல்லலை."

"எதனால போச்சு?"

அவள் சால்வையைத் தளர்த்தினாள். கழுத்தில் ஐந்து விரல்களும் கருநீலமாகப் பதிந்திருந்தன. "என் மேல கத்திக் கத்தி" என்றாள்.

இன்ஸ்பெக்டர் எழுந்து மைக் செட்காரரின் முன்னால் போய் நின்றார்.

"உப்புத் தண்ணி கொப்பளிச்சிட்டிருந்த மனுஷன் எப்படிங்க சத்தமா வாசிச்சார்? கவிஞர் உள்ளே போற வரைக்கும் அவர் உயிரோட இருந்ததா நீங்க எங்களை நம்ப வைக்கணும். அதுக்கு ஒரு குரல் வேணும். குரலே போயிடுச்சுன்னு உங்களுக்குத் தெரியலை. அவருக்கு வாய் திறக்க நேரம் குடுக்காம பின்னாலிருந்து அடிச்சிட்டீங்க."

மைக் செட்காரர் மறுக்கவில்லை. தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

"இவ வயர் எடுத்துக் குடுக்கக் குனிஞ்சா. சால்வை விலகிச்சு, கழுத்தைப் பார்த்தேன். நான் தூக்கி வளர்த்த பிள்ளை மேடம். அதுக்கப்புறம் எனக்குக் கண்ணு தெரியலை." தலையைத் தொங்கப் போட்டார். "கவிஞரை மாட்டிவிட நினைச்சது தப்பு. அவனை அடிச்சது தப்புன்னு சொல்ல மாட்டேன்."

தங்கை எழுந்து வந்தாள். இப்போதுதான் அவளுக்கு அழுகை பொங்கியது.

"நான் அவர் கதையை வாசிக்கவா வந்தேன்னு நினைச்சே? மேடையேறி, எனக்கு நடந்ததையெல்லாம் ஊர் முன்னாடி சொல்ல வந்தேன் அண்ணா. அவர் அங்கே உட்கார்ந்து கேக்கணும், பதில் பேச முடியாம கேக்கணும்னு வந்தேன். இன்னையோட அந்த வீட்டை விட்டு வெளியேறியிருப்பேன். நீயும் வெளியில இருந்திருப்பே."

கான்ஸ்டபிள் விலங்கை மாட்டினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்றார் அண்ணன்.

"நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"