முதல் ஞாயிறு மட்டும்

மற்ற ஞாயிறுகளில் ஒரு மணிக்கெல்லாம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்துவிடும் ஜேக்கப், சபையில் அப்பமும் திராட்சை ரசமும் தரும் திருவிருந்து நடக்கும் மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் ஏன் ஐந்து மணிக்கு வருகிறான்? ஆறு மாதமாகக் கேத்தரினுக்கு இது பிடிபடவில்லை. வரும்போது கால் முழுக்கத் தூசி, சிவந்த கண், கூடவே லேசாக ஒரு வாசனை. அந்த வாசனையை ஒழிக்கத்தான் ஆறு வருஷம் முன்பு புத்தூர் ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையை விட்டுவிட்டு அவன் கூடவே நிழலாக இருந்தாள். குடியை விட்ட ஜேக்கப் இன்று தென்னூரில் ஒரு சின்ன சபையில் ஆயருக்குத் துணையாக இருக்கும் உபதேசியார்.

"இன்னைக்கும் உன் வீட்டுக்காரர் சாயந்தரம்தானா?" என்றாள் பிரேமலதா, காலைக் காபியை ஆற்றியபடி. அதே வீட்டில் இருக்கும் ஜேக்கப்பின் அண்ணன் மனைவி. சபை மாதர் சங்கச் செயலாளர். அன்று அவளுக்கு உபவாசம். அவளுடைய உபவாசத்தில் காபி சாப்பாட்டுக் கணக்கில் சேராது. வாழைப்பழமும் சேராது, அது வெறும் பழம்தானே!

"தெரியலக்கா..."

"எனக்குத் தெரியும்டி! அஞ்சு மணிக்கு ஆயரை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன். அவரே மோந்து பார்க்கட்டும். நாளையிலேருந்து உபதேசியார் வேலை வேற ஆளுக்கு!"

"அக்கா, அவரு அதைத் தொட்டே ஆறு வருஷமாச்சு..."

"பச்சைமலையில கஞ்சி குடிச்சு வளர்ந்தவ நீ. இச்சையடக்கம்னா என்னன்னு தெரியுமா? போன வாரம் சங்கத்துல அதைப் பத்தித்தானே முக்கால் மணி நேரம் பேசினேன்!"

அவளுக்கு ஒதுக்கியிருந்தது கால் மணி நேரம். அடக்கத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவளுக்கு அடக்கம் வராது.

கேத்தரினின் தொண்டை வரை பதில் வந்தது. 'ஆண்டவரே, என் நாக்கை இப்ப நீங்களே பிடிச்சுக்குங்க...' அடுப்பைத் துடைத்தாள். ஒரே இடத்தை நான்கு முறை துடைத்தாள்.

ஆராதனை முடிந்து, குட்டிக் கிண்ணங்களைக் கழுவ அவள் பாத்திர அறைக்குள் போனாள். அங்கே ஜேக்கப், திருவிருந்து மேசையில் மிஞ்சி வந்த திராட்சை ரசத்தைக் குடித்துக்கொண்டிருந்தான். ஜெபித்துப் பரிசுத்தமாக்கியதைக் கொட்டக் கூடாது. மிஞ்சியதைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடிப்பது உபதேசியாரின் வேலை. ஒரு ஆளுக்கு ஒரு ஸ்பூன்தான் வேண்டும். பிரேமலதாவோ ஜாடி நிறைய ஊற்றி வைப்பாள், நாலு பேர் பார்ப்பார்களே! மிச்சம் இரண்டு டம்ளர்.

குடித்தவன் அவளைப் பார்க்காமலே வெளியே நடந்தான். மேசைக்குப் போகாத ஒரு பாட்டில் ஓரமாக இருந்தது. கேத்தரின் மூடியைத் திருகினாள். 'புஸ்ஸ்...' என்று நுரை பொங்கியது. முகர்ந்தாள். ஐந்து மணிக்கு ஜேக்கப் மேல் வீசும் அதே வாசனை.

ஜனவரியில் செயலாளரானதும், "காய்ச்சினா ருசி செத்துப்போகும், இனிமே நான் செய்றேன்" என்று ரசம் செய்யும் வேலையைப் பிடுங்கிக்கொண்டவள் பிரேமலதா. திராட்சையைப் பிசைந்து, சர்க்கரை கொட்டி, பத்து நாள் தன் அறையில் பூட்டி வைப்பாள். திராட்சைத் தோலில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அதோடு கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் ஒட்டியிருக்கும். அவை சர்க்கரையைத் தின்னும். தின்றுவிட்டுக் காற்றையும் சாராயத்தையும் வெளியே விடும். திருச்சி வெயிலில் பத்து நாள் அவற்றுக்குப் பெரிய விருந்து. கொதிக்க வைத்தால் செத்துவிடும். ஜாடியில் ஊற்றியதும் நுரை அடங்கிவிடும், ஒரு ஸ்பூன் குடிப்பவர்களுக்குத் தித்திப்பு மட்டும்தான் தெரியும். கஞ்சி புளித்துக் குமிழி விடுவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது புரிய ஒரு நிமிஷம் ஆகவில்லை.

பாட்டிலை இறுக்கி மூடிப் பையில் போட்டுக்கொண்டு, அவன் போன திசையில் ஆட்டோ பிடித்தாள். காவிரிப் பாலத்தில் அவன் ஸ்ரீரங்கத்தைப் பார்த்து வேகமாக நடந்துகொண்டிருந்தான்.

"எங்க போறீங்க?"

"கோபுரம் வரைக்கும், கேத்தரின். அங்க போய் ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டுத் திரும்பி வந்தா அடங்கிரும்... உள்ள ஒரு டம்ளர் போனதும் இன்னொன்னு கேக்குது. கடைப்பக்கம் போயிடக் கூடாதுன்னு ஜெபம் பண்ணிகிட்டே நடக்கிறேன்."

"ஆறு மாசமாவா! வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"அண்ணி செஞ்ச ரசத்துல போதை இருக்குன்னு நான் சொன்னா யாரு நம்புவா? குடிகாரன் சாக்கு சொல்றான்பாங்க. கீழ கொட்டவும் மனசு வரல..." அவன் குரல் உடைந்தது.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபுரம் வரை சேர்ந்தே நடந்தார்கள்.

ஐந்து மணிக்கு வீட்டில் ஆயர் இருந்தார். "வந்துட்டாரு பாருங்க! தள்ளாடி வர்றதைப் பாருங்க!" என்றாள் பிரேமலதா. பத்து கிலோமீட்டர் நடந்தவன் வேறு எப்படி வருவான்?

ஆறு மாத ஏச்சுக்கும் பதில்கள் கேத்தரினின் வாயில் வரிசையாக வந்து நின்றன. ஒன்றையும் அவள் வெளியே விடவில்லை. பாட்டிலை ஆயர் முன்னால் வைத்தாள்.

"அக்கா செஞ்சதுங்கய்யா. நீங்களே திறந்து பாருங்க."

திருகியதுமே நுரை அவர் வெள்ளைச் சட்டையில் தெறித்தது. மூக்கருகே கொண்டுபோனவர் முகம் மாறியது. "அம்மா பிரேமலதா... இது ஒயினும்மா! மீதியையெல்லாம் இவரா குடிச்சாரு? ஆறு மாசமா?"

"நல்லா இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்களே..." பிரேமலதாவின் குரல் முதல்முறையாகச் சின்னதாகக் கேட்டது.

"ஆமாய்யா, நான்தான் குடிச்சேன். குடிச்சிட்டு நடந்தேன், அவ்வளவுதான்..." என்றான் ஜேக்கப்.

பிரேமலதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "என்னை மன்னிச்சிருங்க தம்பி... ஏ கேத்தரின், நீயாவது என்னைத் திட்டேன்டி!"

திட்ட ஆசைதான். கேத்தரின் அவளைக் கட்டிக்கொண்டாள். தோளில் விழுந்து அழுதபோதும், "நல்ல பன்னீர்த் திராட்சைதான் வாங்கினேன்..." என்று பிரேமலதா பழத்துக்குப் பரிந்து பேசினாள். கேத்தரினுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

அடுத்த மாதத்திலிருந்து ரசம் செய்வது கேத்தரின். சனிக்கிழமை மாலை திராட்சையைத் தண்ணீரில் கொதிக்க வைத்து வடிகட்டி, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறாள். மறுநாள் தலையை எண்ணி, ஆளுக்கு ஒரு ஸ்பூன் அளந்து ஊற்றுகிறாள். மிஞ்சுவது ஒரு வாய் இனிப்புத் தண்ணீர். அதைக் குடித்துவிட்டு ஜேக்கப் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறான்.