தோட்டத்து ஓடுதளத்தில் இரண்டு விமானங்கள்

சித்தியவானைக் காணோம்... அப்படித்தான் புனிதாவுக்குத் தோன்றியது. ஈப்போவிலிருந்து சித்தியவான் போய்த் திரும்ப வேண்டிய முதல் தனி விமானப் பயணம். பக்கத்தில் பயிற்றுநர் கிடையாது. கீழே ரப்பர் தோட்டங்களெல்லாம் எண்ணெய்ச் செம்பனையாகி ஒரே பச்சை. எதிரே கறுத்த மேகம் வேறு! நல்லவேளை, மருந்து தெளிக்கும் விமானங்களுக்காகப் போட்ட தோட்டத்து ஓடுதளம் ஒன்று கண்ணில் பட்டது. ரேடியோவில் சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

பெருமூச்சு விடுவதற்குள் பின்னாலேயே இன்னொரு குட்டி விமானம் வந்து நின்றது. அதிலிருந்து குதித்தவனும் அவளுடைய விமானப் பள்ளிச் சீருடையில்தான் இருந்தான். வேறு வகுப்பு போலும். நெஞ்சில் 'யுகேந்திரன்' என்ற பெயர்ப்பட்டை. அந்தக் கண்கள்... சிரிப்பை அடக்கத் தெரியாத கண்கள்!

"வழி தவறிட்டீங்களா?"

"யாரு, நானா? மழைக்கு ஒதுங்கினேன்லா!"

"மழையே இன்னும் வரலியே..."

வந்துவிட்டது. கொட்டோ கொட்டென்று கொட்டியது. இருவரும் அவளுடைய விமானத்தின் இறக்கைக்கடியில் ஓடி ஒண்டினார்கள். அவன் தோள் பாதி நனைந்தது. 'உள்ளே தள்ளி நில்லுங்க' என்று சொல்ல வாயெடுத்தாள், வீம்பு விடவில்லை.

அவள் கைப்பேசி அலறியது. பயிற்றுநர் கனகராஜ். குரல் பக்கத்தில் நின்ற யுகேந்திரனுக்கும் கேட்டது.

"ரெண்டு பேரும் அங்க இறங்கியிருக்கீங்களாமே! யாரு வழி தப்புனது? உண்மையச் சொல்லாட்டி ரெண்டு பேரும் இனிமே தனியா பறக்க முடியாது!"

யுகேந்திரன் எட்டிக் குனிந்து, "நான்தான் சார். அவங்க பாவம்..." என்றான்.

புனிதாவுக்குச் சுருக்கென்றது. எனக்காகப் பழி சுமக்க இவன் யார்?

"இல்ல சார்! நான்தான். பத்து காஜா ஊரத் தாண்டுனதும் ஒண்ணுமே புரியல."

மறுமுனையில் நீண்ட மூச்சு. "ஒத்துக்கிட்டியே, அது போதும். அங்கேயே இருங்க, வாரேன். அடுத்த வாரம் நீ மறுபடி தனியா போகலாம்."

புனிதா அவன் பக்கம் திரும்பினாள். "ஏன் பொய் சொன்னீங்க? நீங்க வழி தவறலையா?"

"இல்ல. நீங்க தப்பா திரும்புறதப் பாத்துட்டேன்."

"ரேடியோவுல சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா எல்லாருக்கும் கேக்கும்லா, உங்களுக்கு அசிங்கமாயிடும். தனியா விடவும் மனசு வரல..." அவன் காது மடல் சிவந்தது. "காலையில உங்களப் பாத்ததுலேருந்தே எனக்கும் திசை சரியில்ல."

மழை இரைந்தது. அவள் நெஞ்சும்தான்.

"அடுத்த தடவ பின்னால வராதீங்க."

அவன் முகம் வாடியது.

"பக்கத்துல உக்காருங்க..."

"அது தனிப் பயணம்லா! ரெண்டு பேரு போகக் கூடாதே!"

"பறக்கறதப் பத்தி இங்க யாரு பேசுனா?" என்றாள் புனிதா, அவன் முகத்தைப் பார்க்காமல்... மழையைப் பார்த்து.