மோதிரத்தில் குறைந்த பத்து மில்லி

மோதிரம் ஒரு தீப்பெட்டிக்குள் வந்தது. அதற்கென்று நகைக்கடைச் சிமிழ் இருக்கத்தான் இருந்தது. அண்ணன் அதைச் சுவரில் வீசியடித்ததில் மூடி பிய்ந்துபோனது. அவள் தீப்பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். ஓட்டல் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் ஓடி வந்திருந்தாள்.

"எங்கண்ணன் மூணு மணிக்கு லாரியில மூட்டை இறக்கி முடிச்சதும் நேரா மாப்பிள்ளை வீட்டுக்குப் போறாரு. கல்யாணம் இல்லன்னு அவங்க அம்மாகிட்டச் சொல்லிட்டு வந்துருவாரு. வேலை நேரத்துல அவரு போன் பெட்டியில கிடக்கும், பேசவும் முடியாது. இப்ப மணி ஒண்ணரை."

"அவரு போய்ச் சொல்லணுமா வேணாமா? உனக்கு எது வேணும்?" என்றார் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்.

"எனக்கு உண்மை வேணும்ணே."

அவரை அந்தத் தெரு 'மில்லி' என்றுதான் கூப்பிடும். குடிக்கிற கணக்கில் அல்ல. லேத் பட்டறையில் முப்பது வருஷம் அளவு சரிபார்த்தவர். அரை மில்லி மீட்டர் பிசகினாலும் சாமானைத் திருப்பி அனுப்பி ஊர்ப்பட்ட திட்டு வாங்கியவர். வேலையை விட்ட பிறகு, தெருவில் எது காணாமல் போனாலும், யார் பேச்சில் முடிச்சு விழுந்தாலும் ஜனங்கள் அவரிடம்தான் வந்தார்கள். அவர் மனைவி தையல் அக்கா. புருஷனைவிட அவளுக்குத்தான் இதில் வேகம் அதிகம். மெஷினை மிதித்துக்கொண்டே மூன்று குற்றவாளிகளைப் பிடித்துவிடுவாள். மூன்றும் தப்பாக இருக்கும்.

"முதல்லேருந்து சொல்லு," என்றார் மில்லி.

அவள் சொன்னாள். மாப்பிள்ளை கதவு, ஜன்னல் செய்கிற தச்சுப் பட்டறையில் வேலை பார்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். நேற்று முன்தினம் அவள் பட்டறைக்குப் போனபோது எல்லார் முன்னாலும் மோதிரத்தை எடுத்து அவள் விரலில் போட்டுவிட்டார். பாதி விரலிலேயே நின்றுவிட்டது. தள்ளினார், திருகினார், நகரவில்லை. அப்போதுதான் முதலாளி மகள், பட்டறை ஆபீஸில் உட்காருகிறவள், "குடுங்க பாப்போம்" என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போட்டுப் பார்த்தாள். அவளுக்கென்றே வார்த்தது போல வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. பட்டறையில் ரம்பச் சத்தம்கூட நின்றுவிட்டது.

"முதலாளி இவரைத் தன் மருமகனாக்கிக்கப் பாத்தாருன்னு ஏற்கெனவே ஒரு பேச்சு இருந்துச்சு. யாரோட விரல் அளவக் குடுத்தன்னு அவர்கிட்ட கேட்டேன். 'நீ எழுதிக் குடுத்தத வெச்சுத்தான் செஞ்சேன்'னு சொன்னாரு. அதுக்கு மேல பேச்சில்ல."

"பொய்!" என்றாள் தையல் அக்கா. தீப்பெட்டியைத் திறந்து மோதிரத்தைத் தன் சுண்டு விரலில் மாட்டினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. "எவ்வளவு ஒல்லி விரல் பாருங்க அந்தப் பொண்ணுக்கு!"

"உன் சுண்டு விரலுக்கும் பொருந்துதே. அப்ப உனக்கும் மாப்பிள்ளைக்கும் என்ன?" என்றார் மில்லி.

"ஆமா, இந்த வயசுல அது ஒண்ணுதான் குறைச்சல்." அவள் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தாள்.

மில்லி சிரிக்கவில்லை. "வீட்டுல விரலை எப்படி அளந்த? ஒண்ணையும் விடாமச் சொல்லு."

"நியூஸ்பேப்பர் ஓரத்தை நீளமாக் கிழிச்சு விரல்ல சுத்தினேன். மூட்டு தாண்டணும்ல, அதனால ரொம்ப இறுக்கல. ரெண்டு நுனியும் சேர்ற எடத்துல பேனாவால கோடு போட்டேன். அத நீட்டி டேப்பு மேல வெச்சேன். டேப்பு அவருதுதான், கதவுச் சட்டம் அளக்குற இரும்பு டேப்பு. நுனிக் கொக்கி ஆடுது, ஒண்ணாம் நம்பர்லேருந்து வெச்சு அளன்னு சொல்லியிருந்தாரு. அப்படியே செஞ்சேன். மூணு தடவை அளந்தேன், மூணு தடவையும் அஞ்சு புள்ளி ஆறு சென்டி. சீட்டுல எழுதி அவர் கையில குடுத்தேன்." அவள் தன் கையைப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டி பிடித்துத் தடித்த விரல்கள். "காலையில அளந்தேன். சூட்டுல விரல் வீங்கும்னு சொல்றாங்களே, அதனாலயா இருக்குமாண்ணே?"

அப்படி இருந்துவிட வேண்டுமே என்று அவள் மனம் துடித்தது.

"வீங்கும். ஒரு மில்லி, மிஞ்சிப் போனா ரெண்டு."

மில்லி இழுப்பறையிலிருந்து காலிப்பரை எடுத்து மோதிரத்தின் உள்விட்டத்தை அளந்தார். காகிதத்தில் பெருக்கினார். "உள்சுற்று நாலு புள்ளி ஆறு." தையல் அக்கா ஒரு நூலை அவள் விரலில் சுற்றி, அறுத்து, ஸ்கேலில் வைத்துக் காட்டினாள். அஞ்சு புள்ளி ஆறு.

"பத்து மில்லி குறையுது. விரல் பத்து மில்லி வீங்கியிருந்தா நீ இங்க வந்திருக்க மாட்டே, ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பே," என்றார்.

பிடித்திருந்த கடைசிக் கயிறும் அறுந்தது அவளுக்கு.

நகைக்காரர் கடை தெருமுனையில்தான். தையல் அக்கா செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். கால் மணி நேரத்தில் ஒரு துண்டுச் சீட்டோடு மூச்சிரைக்க வந்தாள். "மாப்பிள்ளை குடுத்த சீட்டு! நகைக்காரரு கல்லாவுல குத்தி வெச்சிருந்தாரு. 'சின்னப் புள்ளை விரலா தம்பி'ன்னு கேட்டாராம். 'எங்க பட்டறையில அளவு தப்பாது, எழுதுனபடி செய்ங்க'ன்னு இவரு ரோஷமாச் சொன்னாராம்."

தச்சர் பென்சிலில் பட்டையாக எழுதியிருந்தது: 4.6.

அந்த நாலு அவளுக்குத் தெரியும். தலை திறந்த நாலு. அவள் வீட்டுக் கதவை இழைத்துக் கொடுத்தபோது பின்பக்கத்தில் அவர் எழுதிவைத்த நாலு. வேறு யாரும் அப்படி எழுதமாட்டார்கள். அண்ணனே போய்ச் சொல்லட்டும், இனி கேட்க என்ன இருக்கிறது என்று தோன்றியது.

"நான் கிளம்புறேண்ணே."

"இரு." மில்லி சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். "இவ்வளவு நேரம் எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. இந்தச் சீட்டப் பாத்ததும் போயிருச்சு. பட்டறைக்கு வா."

"எந்தச் சந்தேகம்?"

அவர் மேஜையிலிருந்த மீட்டர் ஸ்கேலை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினார். தையல் அக்கா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "கையும் களவுமாப் பிடிக்கப் போறாரு," என்று கிசுகிசுத்தாள்.

பட்டறையில் மரத்தூள் கணுக்கால்வரை கிடந்தது. பசை வாசனை. சுவர்க் கடிகாரத்தில் இரண்டே முக்கால். வாசலுக்கு முதுகு காட்டி மாப்பிள்ளை ஒரு சட்டத்தின்மேல் டேப்பை நீட்டியிருந்தார், காதில் பென்சில். "எழுபத்தொண்ணு!" என்று குரல் கொடுத்துவிட்டு அடுத்த சட்டத்துக்குப் போனார். அறுப்புக்காரர் கோடு போட்டு அறுத்தார். அவர் பட்டப்பெயர் 'ரம்பம்'. அறுக்கும்போதும் சரி, பேசும்போதும் சரி, நிறுத்தமாட்டார்.

அறுத்து வைத்த சட்டத்தை மில்லி எடுத்துத் தன் மீட்டர் ஸ்கேலில் வைத்தார். எழுபது.

"ஒரு சென்டியை முழுங்கிட்டாங்க பாருங்க," என்றாள் தையல் அக்கா. "பட்டறையே திருட்டுப் பட்டறைதான்."

மில்லி அந்தச் சட்டத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, முதலாளியையும் மகளையும் ஆபீஸிலிருந்து வெளியே கூப்பிட்டார். மாப்பிள்ளை திரும்பினார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, அவள் கையில் தீப்பெட்டியைப் பார்த்ததும் செத்தது.

"திருப்பிக் குடுக்க வந்தியா?"

வாயைத் திறந்தால் அவளுக்கு அழுகைதான் வரும்.

"யாரும் சண்டை போட வேணாம்," என்றார் மில்லி. "நான் ரம்பத்துகிட்டதான் பேச வந்தேன். ஏங்க, அவரு எழுபத்தொண்ணுன்னாரு. நீங்க ஏன் எழுபதுல அறுத்தீங்க?"

"இது என்ன கேள்வி! எங்க டேப்பு எல்லாத்துக்கும் கொக்கி ஆடும். அதனால ஒண்ணுலேருந்து வெச்சு அளப்போம். அளக்குறவன் டேப்புல தெரியிறத அப்படியே சொல்லணும், கழிக்கக் கூடாது. அறுக்குறவன்தான் ஒண்ணு கழிப்பான். முன்னாடி ஆளாளுக்குக் கழிச்சு, ஒரு வீட்டுக்குச் செஞ்ச பன்னெண்டு கதவும் குட்டையாப் போச்சு. அன்னிக்கு முதலாளி போட்ட சட்டம் இது. அந்தக் கதவுங்க கதையச் சொல்லணும்னா..."

"அது போதும்." மில்லி மாப்பிள்ளையிடம் திரும்பினார். "இந்தப் பொண்ணு குடுத்த சீட்டுல என்ன எழுதியிருந்துச்சு தம்பி?"

"அஞ்சு புள்ளி ஆறு."

"நகைக்காரருக்கு நீங்க எழுதுனது?"

"நாலு புள்ளி ஆறு. அவ அளந்தவ. அறுக்கக் குடுக்குறவன் நான். அதனால ஒண்ணு கழிச்சு..."

அங்கேயே நின்றுவிட்டார். காதிலிருந்த பென்சிலைத் தொட்டார்.

"நான் கழிச்சிட்டுத்தானே எழுதுனேன்!" அவள் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது. "டேப்புல ஆறு புள்ளி ஆறு இருந்துச்சு. ஒண்ணுலேருந்து வெச்சா ஒண்ணு கழிக்கணும்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன முட்டாளா?"

"முட்டாளா இருந்திருந்தா மோதிரம் சரியா வந்திருக்கும்," என்றார் மில்லி.

முதலாளிக்கு இன்னும் விளங்கவில்லை. மில்லி நிதானமாகச் சொன்னார்: "இன்னொருத்தி விரலை அளந்து குடுத்திருந்தா வித்தியாசம் எப்படி வேணா வரும். ஏழு மில்லி வரும், பதினொண்ணரை வரும். முழுசா, சுத்தமா ஒரு சென்டி வராது. அது விரலோட வித்தியாசம் இல்ல, டேப்போட வித்தியாசம். அப்புறம் அந்தச் சீட்டு. திருட்டு வேலை செய்யிறவன் தன் கையெழுத்தக் குடுத்துட்டு, எங்க அளவு தப்பாதுன்னு மார் தட்டிட்டு வரமாட்டான். உங்க மகளுக்குப் பொருந்துனது ஒரு ஆச்சரியமும் இல்ல. என் வீட்டுக்காரி சுண்டு விரலுக்கும் பொருந்துச்சு."

முதலாளி மகள் தரையைப் பார்த்தாள். "நான் அன்னிக்கு அத வாங்கிப் போட்டிருக்கக் கூடாதுக்கா. விளையாட்டுன்னு நினைச்சேன்."

கல்யாணப் பெண் தலையசைத்தாள். நிம்மதி வந்த பின்னால்தான் கோபம் வந்தது. மாப்பிள்ளையிடம் போய் நின்றாள். "கழிச்சியான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"இங்க யாரும் யாரையும் கேக்கிறதில்ல. அதான் பழக்கம்."

"நான் பட்டறை இல்ல. ரெண்டு நாளா நான் சோறு திங்கல. இனிமே எதக் கழிச்சாலும் என்கிட்ட சொல்லிட்டுக் கழி."

"சரி," என்றார் அவர். மரத்தூள் அப்பிய கையை நீட்டி, தீப்பெட்டியை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். "வெட்டி, துண்டு வெச்சு ஒட்டிரலாம். சனிக்கிழமைக்குள்ள வந்துரும்."

"ஐயையோ, மணியப் பாருங்க!" என்றாள் தையல் அக்கா.

மூன்றே கால்.

அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். ரம்பம்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார். ஏழாவது மணியில் எடுத்தார் அண்ணன். பின்னால் ஒரு பெண் குரல், மாப்பிள்ளையின் அம்மா, "உள்ள வாங்க தம்பி, ஏன் வெளியவே நிக்கிறீங்க?" என்றது.

"அண்ணே, சொல்லிட்டியா?"

"இப்பத்தான் வந்தேன். செருப்பக் கழட்டிட்டேன்."

"திரும்ப மாட்டிக்கண்ணே."

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "அப்ப எதுக்கு வந்தேன்னு இவங்ககிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

அவள் மாப்பிள்ளையின் விரல்களைப் பார்த்தாள். ஒன்றிலும் ஒன்றுமில்லை.

"மாப்பிள்ளையோட பழைய மோதிரம் ஏதாச்சும் இருந்தா வாங்கிட்டு வா. அவருக்கு மோதிரம் செய்ய அளவுக்குன்னு சொல்லு."