பச்சைமேல் ஊற்றிய சிவப்பு

செல்போன் அலறியபோது எஸ்.ஐ. செந்தமிழ்ச்செல்வியின் இரண்டு கைகளும் எதற்கும் உதவாத நிலையில் இருந்தன.

உள்ளங்கையில் மருதாணி. புறங்கையில் மருதாணி. முழங்கை வரைக்கும் மருதாணி... இன்னும் ஈரம் காயவில்லை.

கான்ஸ்டபிள் நிர்மலா மருதாணிக் கோனைக் கீழே வைத்தாள். செல்போனை எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, மேடத்தின் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"சொல்லுங்க."

"மேடம்... நான் பகலவன். வாடகைப் பாத்திரக் கடை. உங்க கல்யாணத்தையே எவனோ திருடிக்கினு போயிட்டான் மேடம்."

"கல்யாணத்தையா?"

"அண்டா, தவலை, ஜல்லிக்கரண்டி, கோட்டை அடுப்பு... மொத்தமும் லாரியோட காணம்!"



நாளைக் காலை திருநாவலூரில் முகூர்த்தம். கோயிலுக்குப் பக்கத்துத் தோப்பில் பந்தல் போட்டாகிவிட்டது. சமையல்காரர் காய்கறியை நறுக்கி வைத்துக்கொண்டு அண்டாவுக்காகக் காத்திருக்கிறார். செந்தமிழ்ச்செல்விக்கோ சாயங்காலத்திலிருந்துதான் லீவு. அதற்குள் மருதாணியை முடித்துவிடலாம் என்று ஸ்டேஷனிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஏற்கெனவே இரண்டு முறை நிச்சயதார்த்தம் வரை வந்து முறிந்த கல்யாணம். மூன்றாவதும் நின்றால் அம்மா லட்சுமியம்மாள் படுத்துவிடுவாள். அம்மாவை விடுங்கள்... இவளே தாங்க மாட்டாள். மாப்பிள்ளை கலையரசனை இவளுக்கு அவ்வளவு பிடித்துப் போயிருந்தது.

"ஜீப்பை எடு நிர்மலா."

"மருதாணி, மேடம்?"

"அது பாட்டுக்குக் காயட்டும்."

தியாகதுருகம் சாலை டீக்கடை வாசலில் இரண்டு பேர் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

தொப்பையும் வெள்ளைச் சட்டையுமாக இருந்தவர் பகலவன். காக்கிச் சட்டையில் ஒல்லியாக இருந்தவர் அவருடைய லாரி டிரைவர் இருசப்பன்.

"இவன்தான் மேடம்!" பகலவன் மூச்சு வாங்கினார். "ஆள வச்சு வண்டியத் தள்ளிட்டு, டீ குடிக்கிற மாதிரி நடிக்கிறான். நாலு நாளா எங்கூட சண்ட. 'இந்த வண்டிய எவனாச்சும் ஓட்டிக்கினு போனாத்தான் அது பொழைக்கும்'னு தெருவே கேக்கச் சொன்னான்."

"சொன்னேந்தான்," என்றார் இருசப்பன். "அதுக்காக நான் திருடுவனா மேடம்? டீ குடிச்சிக்கினு இருந்தேன். திரும்பிப் பாத்தா வண்டி இல்ல. அந்தக் கெழட்டு வண்டிய எவன் தொடப் போறான்னு சாவிய அதுலயே வுட்டுட்டேன். அதான் என் தப்பு."

"ரெண்டு பேருக்கும் இன்னா சண்ட?"

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"கூலண்ட்டு."

வரப்புக்காக வெட்டிக்கொண்டவர்களைச் செந்தமிழ்ச்செல்வி பார்த்திருக்கிறாள். கோழிக்காக மண்டையை உடைத்தவர்களைப் பார்த்திருக்கிறாள். கூலண்ட்டுக்காகச் சட்டையைப் பிடித்தவர்களை அவள் இன்றுதான் பார்க்கிறாள்.

"வெளங்கற மாதிரி சொல்லுங்க."

இருசப்பன் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"அது பழைய வண்டி மேடம். ரேடியேட்டரு செம்பும் பித்தளையும். ஈயம் வச்சுப் பத்த வச்சது. இன்ஜின் சூடாவாம இருக்க அதுல ஊத்தறதுக்குன்னு பழைய ரகத்துல ஒரு பச்ச கூலண்ட்டு வருது. அதத்தான் எப்பவும் ஊத்துவேன். நாலு நாளைக்கு முன்ன கொஞ்சம் கம்மியாச்சு. இவரு போயி செவப்பு வாங்கியாந்து அது மேலயே ஊத்திட்டாரு."

"செவப்புதான்டா ஒசத்தி. வெலையும் ஜாஸ்தி," என்றார் பகலவன்.

"புது வண்டிக்கு ஒசத்தி மொதலாளி. அலுமினிய ரேடியேட்டருக்கு. நம்ம வண்டியில அது ஈயத்தத் தின்னுடும். அது கூடப் பரவால்ல. பச்சையும் செவப்பும் ஒண்ணா சேந்தா கூழாயிடும். கூழு போயி ரேடியேட்டரு குழாய அடைச்சுக்கும். மாத்தறதுன்னா பழச முழுசா எறக்கணும், தண்ணி வுட்டு நல்லா அலசணும், அப்புறந்தான் ஊத்தணும்."

"அப்போ கலரப் பாத்து வாங்கணும்," என்றாள் நிர்மலா.

"கலர மட்டும் நம்பக் கூடாதும்மா. கம்பெனிக்குக் கம்பெனி கலரு மாறும். எந்த மாதிரி வண்டிக்குன்னு டப்பா மேல போட்டிருப்பான். அதத்தான் பாக்கணும்."

செந்தமிழ்ச்செல்வி பகலவன் பக்கம் திரும்பினாள்.

"செவப்பு ஊத்தச் சொல்லி யாரு உங்களுக்குச் சொன்னது?"

பகலவன் தயங்கினார். தரையைப் பார்த்தார். பிறகு நிர்மலாவைப் பார்த்தார்.

"உங்க வூட்டு மாப்ளதான் மேடம்."

நிர்மலா சட்டென்று ஜீப் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டாள்.

கலையரசன் வாகன ஜோசியர். எந்த ராசிக்கு எந்த நம்பர், என்ன கலர் பெயிண்ட், எப்போது டெலிவரி எடுக்க வேண்டும்... எல்லாம் சொல்வான். கள்ளக்குறிச்சியில் அவனைக் கேட்காமல் டிராக்டர் வாங்காதவர்கள் இருக்கிறார்கள்.

"எனக்குப் பச்ச ஆவாதாம் மேடம். இன்ஜினுக்குள்ள கூட இருக்கக் கூடாதுன்னாரு."

"அவரு உங்க ராசிக்குச் சொல்லியிருப்பாரு. ரேடியேட்டருக்குச் சொல்லியிருக்க மாட்டாரு," என்றாள் செந்தமிழ்ச்செல்வி. முகம் மட்டும் சூடாகிவிட்டது. "இருசப்பன் அண்ணே, இந்தக் கூழோட வண்டி எவ்ளோ தூரம் போவும்?"

"சமதரையில மெட்ராஸ் வரைக்கும் கூடப் போவும். ஏத்தத்துல ஏறாது மேடம். ஏறினா கொதிச்சு நின்னுடும்."

எந்தப் பக்கம் போனது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. டீக்கடைக்காரர் பஜ்ஜி மேல் கண்ணாக இருந்திருக்கிறார்.

போன் மறுபடி அடித்தது.

கலையரசன்!

நிர்மலா ஓடி வந்து ஸ்பீக்கரைப் போட்டு நீட்டினாள்.

"செல்வி... கேள்விப்பட்டேன். பாத்திர வண்டி காணமாமே?"

"ஆமாங்க. தேடிக்கினு இருக்கோம். நீங்க கவலப்படாதீங்க."

"நான் சோழி போட்டுப் பாத்துட்டேன். வண்டி கெழக்கால போயிருக்கு. கடலப் பாக்கப் போயிருக்கு. இன்னிக்குக் கெடைக்காது. எதுக்கு அலையிற? ஒரு ஆறு மாசம் தள்ளி வெச்சா ஒண்ணும் குடி முழுகிடாது..."

பேச்சுக்குப் பின்னால் ஒரு சத்தம்.

உஸ்ஸ்ஸ்ஸ்...

"அது இன்னாங்க சத்தம்?"

"அதுவா... குக்கரு. வூட்ல அம்மா பருப்பு வேக வெக்கிறாங்க. சரி, வெச்சிட்றேன்."

போன் அடங்கியது.

செந்தமிழ்ச்செல்வி போனையே பார்த்தாள்.

"நிர்மலா... அவங்க அம்மா காலையிலயே திருநாவலூர் போயிட்டாங்களே. எங்கம்மா கூடத்தான இருக்காங்க."

இருசப்பனின் முகம் வெளுத்திருந்தது.

"மேடம்... அது குக்கரு இல்ல. குக்கருன்னா விட்டு விட்டு அடிக்கும். இது நிக்காம சீறுது. அது நம்ம ரேடியேட்டரு. பதினெட்டு வருசமா அதோட மூச்சக் கேட்டுக்கினு இருக்கேன். வண்டி மலை ஏறுது!"

மலை என்றால் கல்வராயன் மலைதான். அது கிழக்கே இல்லை. நேர் மேற்கே இருக்கிறது.

"ஐயய்யோ... மாப்ளையக் கடத்திட்டானுங்க," பகலவன் தலையில் கை வைத்தார். "கழுத்துல கத்திய வச்சுப் பேச வச்சிருக்கானுங்க மேடம்!"

அவளுக்கும் அதே நினைப்புத்தான். போன மாதம் அவள் உள்ளே தள்ளிய பைக் திருடர்கள் மூன்று பேர் நேற்றுத்தான் ஜாமீனில் வந்திருந்தார்கள். அவர்கள் அவளைப் பழிவாங்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

டீக்கடை டிரம்மில் இரண்டு கைகளையும் முக்கி மருதாணியைத் தேய்த்துக் கழுவினாள். சிவந்திருக்கிறதா என்று பார்க்கக்கூட நேரமில்லை.

"ஏறுங்க எல்லாரும்!"

ஜீப் பறந்தது.

கச்சிராயபாளையம்... கோமுகி அணை... மலைப்பாதை.

முதல் கொண்டை ஊசி வளைவு. ஒன்றுமில்லை.

இரண்டாவது வளைவு. ரோட்டில் சொட்டுச் சொட்டாக ஈரம். நிர்மலா எட்டிப் பார்த்தாள். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை, பழுப்பாக இருந்தது.

மூன்றாவது வளைவு...

லாரி!

பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்து நின்றது. முன்பக்கத்திலிருந்து புகை புகையாக ஆவி. மேலே கட்டிய அண்டாக்கள் வெயிலில் பளபளத்தன.

செந்தமிழ்ச்செல்வி துப்பாக்கியை உருவினாள். நிர்மலா லத்தியோடு மறுபக்கம் பதுங்கினாள். பகலவன் ஜீப்புக்குள்ளேயே பதுங்கினார்.

ஓடைப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் ஏறி வந்தான். தோளில் பித்தளைத் தவலை. அது நிறையத் தண்ணீர். முகத்தைத் தவலை மறைத்திருந்தது. நேராக ரேடியேட்டர் பக்கம் போனான்.

செந்தமிழ்ச்செல்வி வாயைத் திறப்பதற்குள் இருசப்பன் போலீசையெல்லாம் தாண்டிக்கொண்டு ஓடினார்.

"ஊத்தாதடா பாவி! கொதிக்கிற இன்ஜின்ல பச்சத் தண்ணிய ஊத்தினா பிளாக்கு வெடிச்சிடும்டா!"

தவலை கீழே விழுந்து உருண்டது.

கலையரசன்!

பட்டு வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். சட்டை முழுக்கப் பழுப்புக் கூழ். கழுத்தில் கத்தி இல்லை. பக்கத்தில் யாரும் இல்லை.

"எத்தினி பேருங்க? எங்க போயிட்டானுங்க?" செந்தமிழ்ச்செல்வியின் துப்பாக்கி புதர் புதராகத் தேடியது. "உங்களுக்கு அடி ஒண்ணும் படலியே?"

அவன் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டான்.

"கேக்கறேன்ல?"

"யாருமில்ல செல்வி... நான் மட்டுந்தான்."

துப்பாக்கி மெதுவாகத் தாழ்ந்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னாலேயே கோபம் வந்து அழுகையைத் தள்ளிவிட்டது. நல்லவேளை.

"ஏன்?"

கலையரசன் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தான்.

"போன வாரம் என் ஜாதகத்த நானே போட்டுப் பாத்தேன். இந்தக் கல்யாணம் எனக்கு ஆவாது. அதான்... பாத்திரம் போவலன்னா கல்யாணம் தள்ளிப் போயிடும்னு பாத்தேன். மலை மேல கரியாலூர்ல கூட்டாளி தோப்புல ரெண்டு நாள் நிறுத்திட்டு, திருப்பி வுட்டுடலாம்னு நெனச்சேன். லாரி எந்தப் பக்கம் வரும்னு நீதான காலையில போன்ல சொன்ன?"

"எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே. வேணாம்னு ஒரு வார்த்த."

"உங்கிட்டயா? நீ போலீசாச்சே. பயமா இருந்துச்சு."

அதற்குள் இன்ஜின் ஆறியிருந்தது. இருசப்பன் அடிப்பக்கத் திருகைத் திறந்துவிட்டார். கேழ்வரகுக் கூழ் மாதிரி கொழகொழவென்று வழிந்து மண்ணில் பரவியது. பகலவன் ஜீப்பிலிருந்து இறங்கி வந்து குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இத்தினியும் நம்ம வண்டி வயித்துலயாடா இருந்துச்சு?"

"நீங்க ஊத்தினதுதான் மொதலாளி."

"தப்புதான்டா." பகலவன் நிமிர்ந்தார். உடனே தொப்பையும் நிமிர்ந்தது. "ஆனா ஒண்ணு. நீ சொன்ன மாதிரி பச்சையே ஊத்தியிருந்தா வண்டி இன்னேரம் கரியாலூர் போயிருக்கும். அண்டாவ எவன் பாத்திருப்பான்? சொல்லு."

இருசப்பன் உருண்டு கிடந்த தவலையை எடுத்துக்கொண்டார்.

"ஓடத் தண்ணியில நல்லா அலசிட்டு, வெறுந்தண்ணி ஊத்தி மெதுவா எறக்கிட்றேன் மேடம்," என்றார் செந்தமிழ்ச்செல்வியிடம். "கீழ போயி பச்ச வாங்கி ஊத்திக்கிறேன். பொழுதுக்குள்ள திருநாவலூர்ல இருப்பேன்."

அவள் தலையசைத்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, பாத்திரம் வந்துகினு இருக்கு. மாப்ள வரல. கல்யாணம் இல்ல."



"நீ நல்லா இருக்கியாடி?" என்றாள் லட்சுமியம்மாள்.

"இருக்கேம்மா. நெசமாத்தான் சொல்றேன். நேத்தைக்கு இருந்தத விட நல்லா இருக்கேன். வந்தவங்க யாரையும் திருப்பி அனுப்பாத. பந்தி நடக்கட்டும்."

"கல்யாணமே இல்லன்ற... பாயசம் வெக்கணுமா?"

"ரெண்டு பாயசமா வெக்கச் சொல்லு. நான் வந்து சாப்பிடணும்."

போனை வைத்தபோதுதான் தன் கைகளைப் பார்த்தாள். அவசரத்தில் கழுவியும் மருதாணி நன்றாகச் சிவந்திருந்தது. அழகாகத்தான் இருந்தது.

நிர்மலா விலங்கோடு வந்தாள். கலையரசன் மறுபேச்சில்லாமல் கைகளை நீட்டினான்.

ஜீப் கதவைத் திறந்துவிட்ட செந்தமிழ்ச்செல்விக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"அப்படி இன்னாதாங்க இருந்துச்சு உங்க ஜாதகத்துல?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"என்னைக் கட்டிக்கினா நீங்க சாகப் போறீங்கன்னு இருந்துச்சா? நான் சாகப் போறேன்னா?"

"அதெல்லாம் இல்ல. முகூர்த்தத்தன்னிக்கு... நான் லாக்கப்புல உக்காந்திருப்பேன்னு இருந்துச்சு."

நிர்மலா வாயைப் பொத்திக்கொண்டாள். பகலவன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

செந்தமிழ்ச்செல்வி சிரித்தாள். இன்று காலையிலிருந்து வராத சிரிப்பு.

"தொழில்ல நீங்க கெட்டிதாங்க... எடம் கெடைக்காதோன்னு ஒரு நாள் முன்னாடியே வந்து புடிச்சிட்டீங்க, அவ்ளோதான். ஏறுங்க."