சப்வூஃபர் வந்த சனிக்கிழமை

சப்வூஃபரின் முதுகில் இருந்த விளக்கு சிமிட்டுவதை நிறுத்தி நிலையாக எரியத் தொடங்கியபோது அவன் ரிமோட்டைத் தொடவே இல்லை. ரிமோட் சோபா இடுக்கில் விழுந்து தொலைந்திருந்தது. அவன் முழங்கை வரை கையை விட்டுக் குடைந்துகொண்டிருந்தான். சாப்பாட்டுக்குப் பிறகு முழுக்க அந்த விளக்கோடுதான் மல்லுக்கட்டு. பொத்தானை அழுத்திப் பிடி என்றது கையேடு, பிடித்தான். பிளக்கைப் பிடுங்கி மறுபடி போடு என்றது, போட்டான். அது பாட்டுக்குச் சிமிட்டிக்கொண்டே இருந்தது. இப்போது யாரும் கேட்காமலே நின்றுவிட்டது.

"அப்பாடா, இப்பவாவது புத்தி வந்துச்சே" என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னான்.

ரிமோட் கிடைத்ததும் படத்தை ஓடவிட்டான். யானைக் கூட்டம் ஆற்றைக் கடக்கிற இடம். டிவிக்குக் கீழே நீளமாகக் கிடந்த சவுண்ட்பாரிலிருந்து தண்ணீர்ச் சத்தம் வந்தது, பறவைச் சத்தம் வந்தது, யானைகள் மட்டும் பஞ்சில் நடப்பதுபோல நடந்தன. அடித்தொனிக்கென்றே தனியாக வரும் அந்தப் பெட்டியின், சப்வூஃபரின், மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். ஒரு அதிர்வும் இல்லை. போனில் இருந்த செயலியைத் திறந்தால் 'சப்வூஃபர் எதுவும் இணைக்கப்படவில்லை' என்று எழுதியிருந்தது. விளக்கோ நல்ல பிள்ளையாக எரிந்துகொண்டிருந்தது.

அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். வாரம் முழுக்க அடுத்தவர்கள் மிதிக்க மறந்த பிரேக்கைத் தன் பக்கத்துப் பெடலில் மிதித்து மிதித்து, பொறுமை என்பதே வலது காலில் மட்டும்தான் அவனுக்கு மிச்சம். சனிக்கிழமை மத்தியானம் ஒன்றைத்தான் தனக்கென்று வைத்திருந்தான், அதையும் இந்தக் கறுப்புப் பெட்டி தின்றுவிட்டது. கடைக்காரர் என்ன சொன்னார்? "ஒண்ணுமே பண்ண வேணாம் சார். பிளக்ல சொருகுங்க, அதுவே போய் ஒட்டிக்கும்." அவரை இப்போது கையில் கிடைத்தால் காரில் உட்கார வைத்து நாலு முனைச் சந்திப்பில் இறக்கிவிட்டிருப்பான்.

ஆனால் திருப்பிக் கொடுக்கவும் மனசு வரவில்லை. அந்தக் கடையில் மாதிரிக்கு வைத்திருந்த சப்வூஃபரின் மேல் மகள் சுண்டு இரண்டு கையையும் வைத்தாள், வைத்ததும் சத்தமாகச் சிரித்தாள். அவள் குரலை அவன் கேட்பது அபூர்வம். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. மூன்றாம் வகுப்பு படிக்கிறாள், படம் பார்ப்பாள், ஆனால் இடி இடித்தால் வெளிச்சம் மட்டும்தான் அவளுக்கு. அன்றைக்குக் கடையில் அவள் அவன் சட்டையை இழுத்து, நெஞ்சைத் தொட்டுக் காட்டி, உள்ளே ஏதோ ஓடுகிறது என்றாள். இன்று சாயங்காலம் யானையைக் காட்டுகிறேன் என்று அவன் வாக்குக் கொடுத்திருந்தான். உள்ளறையில் அவள் ஏற்கெனவே யானை வரைந்துகொண்டிருந்தாள்.

இந்த வீட்டை வாடகைக்குப் பிடித்ததும் அவளுக்காகத்தான். செங்கல் தூண்கள் மேல் மரப்பலகை அடித்த தரை. பலகைக்குக் கீழே ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு வெற்றிடம். இங்கே ஒரு மூலையில் மிதித்தால் மறு மூலையில் அவளுடைய பாதத்துக்குத் தெரியும். அப்படித்தான் அந்த வீட்டில் அவளைக் கூப்பிடுவார்கள். அம்மா என்றால் மெதுவாக இரண்டு மிதி. அப்பா என்றால் சட்டென்று இரண்டு, கொஞ்சம் விட்டு, கனமாக ஒன்று. அவள் எங்கிருந்தாலும் உள்ளங்கையால் தரையில் ஒரே ஒரு தட்டு தட்டுவாள். 'வர்றேன்' என்று அதற்குப் பொருள். அவளைக் கூப்பிட அவனுக்கு இருந்த குரல் அந்த மூன்று மிதிதான்.

சப்வூஃபரை எங்கே வைப்பது என்று காலையிலேயே ஒரு தகராறு. பிளக்குக்குப் பக்கத்தில் இடம் ஒன்றுதான், அங்கே வீட்டுக்காரர் விட்டுப்போன ஒரு மரப்பெட்டி. உள்ளே என்னதான் வைத்திருந்தாரோ, மலைபோலக் கனம். "அது அங்கேயே இருக்கட்டும் தம்பி" என்று சாவி கொடுக்கும்போதே சொல்லியிருந்தார். இடுப்பு பிடித்துக்கொள்ள அதைத் தள்ளி நகர்த்தினான். கீழே ஒரு சதுர மூடி இருந்தது, குழாய் வேலைக்காரர் இறங்குகிற வழி. வெற்றிடத்துக்கு நேர் மேலே வைத்தால் அதிர்வு இன்னும் நன்றாகப் பரவும் என்று, பெரிய கெட்டிக்காரன் மாதிரி, சப்வூஃபரை அந்த மூடி மேலேயே வைத்தான்.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டான். காத்திருப்பு இசை கேட்டுக் கேட்டுக் காது புளித்த பிறகு ஒரு பெண் வந்தாள்.

"லைட் நிலையா எரியுதுன்னா இணைஞ்சிடுச்சு சார்."

"எதோடம்மா? சவுண்ட்பார் இல்லைங்குது."

"அப்போ சவுண்ட்பாரோட பிளக்கைப் பிடுங்கிடுங்க சார். லைட் தானா சிமிட்ட ஆரம்பிக்கும்."

பிடுங்கினான். டிவியையும் பிடுங்கினான். ஜன்னலுக்கு வெளியே மேகம் மூடி வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. அந்த மங்கலில் விளக்கு இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

"எரியுதும்மா. அப்படியேதான் எரியுது."

மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம் நின்றது. "அப்போ வேற ஏதோ ஒண்ணோட இணைஞ்சிருக்கு சார். பக்கத்து வீட்ல யாராவது வாங்கியிருக்காங்களான்னு கேட்டுப் பாருங்க."

ஒரு பக்கம் காலி மனை. இன்னொரு பக்கம் டயர்க் கடை, மத்தியானமே ஷட்டரை இழுத்துவிட்டார்கள். கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? நன்றி என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி வைத்தான். அப்புறம் அடக்க முடியவில்லை. ஓங்கித் தரையை மிதித்தான். கோபத்தில் மிதித்தாலும் பழகிய கால், அதுவாகவே கணக்கில் விழுந்தது. தம்தம். தம்.

உள்ளறையிலிருந்து ஒரு தட்டு. சுண்டு கையில் பென்சிலோடு வந்து நின்று, புருவத்தைத் தூக்கினாள். யானை ரெடியா?

இன்னும் இல்லை, என்று கையை ஆட்டினான். தவறிக் கூப்பிட்டுவிட்டேன். அவள் உதட்டைச் சுழித்துவிட்டுத் திரும்பிப் போனாள். அவள் பாவாடை கதவைத் தாண்டி மறைந்த கையோடு மூலையிலிருந்து அது வந்தது.

தம்தம். தம்.

காதுக்கு வந்ததைவிடக் குதிகாலுக்குத்தான் அதிகம் வந்தது. சுண்டு மறுபடி கதவருகே வந்து, இடுப்பில் கை வைத்து அவனைப் பார்த்தாள். என்னப்பா விளையாட்டு இது?

அவனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆக, இந்தச் சனியனுக்குள் மைக் இருக்கிறது. இந்தக் காலத்தில் எதில்தான் இல்லை? கேட்டதைத் திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதான், ஏதோ சோதனை முறையில் மாட்டியிருக்கும். மத்தியானம் முழுக்கப் பட்ட பாட்டுக்கு இதாவது நடக்கிறதே என்று மண்டியிட்டு உட்கார்ந்தான். கைமுட்டியால் தரையில் தட்டிக் காட்டினான். அது திருப்பித் தட்டியது. மனைவியின் மெதுவான இரண்டு மிதியைக் காட்டினான். கொஞ்சம் யோசித்துவிட்டு அதையும் தட்டியது. சுண்டு குப்புறப் படுத்துக் கன்னத்தைப் பலகையில் ஒட்டிக்கொண்டு, கடையில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவன் மறுபடி மறுபடி காட்டினான். ஒவ்வொரு தடவையும் அது இன்னும் சரியாகச் செய்தது. கடைசி மிதியை அவன் லேசாக இழுத்து வைப்பான், பெடல் மிதித்துப் பழகிய கால். அதுவும் இழுத்தது.

மருத்துவமனை ஆய்வகத்தில் மாலை ஷிஃப்டில் இருந்த மனைவி அப்போதுதான் போனில் கூப்பிட்டாள்.

"என்னங்க, உங்க பெட்டி பாடுச்சா?"

"பாடல. உசுர வாங்குது. ஆனா ஒண்ணு, நாம சுண்டுவைக் கூப்பிடுற மாதிரியே கூப்பிடுது. நீ கூப்பிடுறதும் அத்துப்படி ஆயிடுச்சு."

அந்தப் பக்கம் கண்ணாடிக் குழாய்கள் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அதை ஏங்க அதுக்குக் காட்டுனீங்க?"

வைத்துவிடுகிறேன் என்றான். வைத்த பிறகு அறை முன்னைவிட அமைதியாகத் தெரிந்தது, அந்த அமைதியில் ஈரமண் வாசனை, மழை விழாத மண்ணின் வாசனை, வெயில் படாமலே கிடந்த இடத்தின் வாசனை, மூடியின் விளிம்பிலிருந்து மெல்ல எழுந்து சோபாவுக்கும் திரைச்சீலைக்கும் நடுவே தேங்கிக்கொண்டிருந்தது. போதும், என்று மகளுக்குச் சைகை செய்தான். அவள் பார்க்கவில்லை. கன்னம் பலகையில்தான் இருந்தது.

சப்வூஃபரின் பிளக்கைப் பிடுங்கினான்.

விளக்கு அணைந்தது. அப்பாடா என்று நிமிர்ந்தான்.

தம்தம். தம்.

கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தான். பிளக்கின் பித்தளைக் கால்கள் அவன் விரலுக்கு நடுவில்தான் இருந்தன. பெட்டியின் மேல் கையை வைத்தான். சில்லென்று அசையாமல் இருந்தது. முன்பக்கத் துணிக்குள் விரலை அழுத்தி ஸ்பீக்கர் வட்டத்தைத் தொட்டான். அதுவும் அசையவில்லை. அவனுடைய முழங்காலுக்குக் கீழே பலகைதான் அதிர்ந்தது.

பயம் முதலில் எரிச்சலாகத்தான் வந்தது அவனுக்கு. எல்லாமே அப்படித்தான் வரும். தூக்கி எறிந்தால் தீர்ந்தது என்று பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி, கதவைக் காலால் உதைத்துத் திறந்து, வாசலில் நின்ற காரின் டிக்கியில் போட்டு அறைந்து மூடினான். காருக்குப் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கினான். தெருவில் காற்று இருந்தது, தூரத்தில் யாரோ நாயைக் கூப்பிட்டார்கள், எல்லாம் சாதாரணமாக இருந்தது. நாளைக்கே கடைக்காரர் முகத்தில் விட்டெறிய வேண்டும் என்று நினைத்தான். நினைக்கும்போதே, காலையில் எதை நகர்த்தினோம், இப்போது எதைத் தூக்கிக்கொண்டு வந்தோம், அந்த மூடியின் மேல் இப்போது என்ன இருக்கிறது என்பது வரிசையாக ஞாபகம் வந்தது.

ஒன்றுமில்லை. அதன் மேல் இப்போது ஒன்றுமில்லை.

ஓடினான்.

கூடம் இருட்டிக்கிடந்தது. நுழைந்த உடனே பாதத்தில் தெரிந்தது. தம்தம். தம். பொறுமையாக. ஒரு அவசரமும் இல்லாமல். கடைசி மிதியை லேசாக இழுத்து. அவனுடைய கால். அச்சு அசல் அவனுடைய கால்.

மூலையில் சதுர மூடி ஒரு பக்கமாகத் தள்ளிக் கிடந்தது. சுண்டு அதன் விளிம்பில் குப்புறப் படுத்திருந்தாள். தலையும் ஒரு கையும் உள்ளே தொங்கின.

கத்தினான். கத்தி என்ன பயன்?

மிதித்தான். தம்தம். தம். பலகை கிறீச்சிட மிதித்தான். அவள் திரும்பவில்லை. கீழேயிருந்தும் அதே நேரத்தில் அதேதான் வந்தது, இரண்டும் ஒன்றாகக் கலந்தது, எது தன்னுடையது என்று அவனுக்கே தெரியவில்லை. ஒரு நொடி பிந்தி மிதித்தான். அதுவும் பிந்தியது. அவளை நோக்கிப் பாய்ந்தான். காலையில் தானே நடுவில் தள்ளிவிட்ட மரப்பெட்டியில் முழங்கால் மோதி, முகம் தரையில் அடிபட விழுந்தான்.

விழுந்த அதிர்வு அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தலையைத் தூக்காமலே, வெளியே இருந்த கையைப் பின்பக்கமாக அவனை நோக்கி நீட்டினாள். உள்ளங்கையைக் காட்டினாள். இரு.

பிறகு அந்தக் கை, அவன் எப்போதோ மழித்துவிட்ட மீசையை அவள் பாப்பாவாக இருந்தபோது பார்த்த ஞாபகத்தில், காற்றில் முறுக்கிக் காட்டியது. அப்பா.

சுட்டுவிரல் கீழே காட்டியது. கூப்பிடுறார்.

அவன் பலகையில் நகத்தை ஊன்றித் தவழ்ந்தான். தம்தம் என்றது தரை. அவன் விரல் அவளுடைய பாவாடை விளிம்பைத் தொடப் போகிற நேரத்தில், தம் என்றது.

சுண்டு உள்ளங்கையால் பலகையில் ஒரே ஒரு தட்டு தட்டினாள்.