சபாபதியின் நாய்

"நீங்க வந்திருக்கவே வேணாம் லா. அவரு காலையிலேயே வந்து நாய் லைசென்ஸ புதுப்பிச்சிட்டுப் போயிட்டாரு" என்றார் கவுண்டருக்குப் பின்னால் இருந்த மதிவாணன்.

லோஷினி புரியாமல் நின்றாள். நகராட்சி மஜ்லிஸ் அலுவலகத்தின் குளிரில் அவளுடைய நனைந்த சப்பாத்து பாதத்தோடு ஒட்டிக்கொண்டது.

"யாரு வந்தது?"

"உங்க மாமனாருதான். சபாபதி ஐயா. வருஷா வருஷம் மொத ஆளா வந்து நிப்பாரே. இன்னிக்கி நல்லா நனைஞ்சி போயிருந்தாரு. நாய் கழுத்துல மாட்டுற பேட்ச வாங்கிக்கிட்டாரு, ஒண்ணும் பேசல."

சபாபதி இறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவருடைய நாய் ஜிம்மியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளத்தான் லோஷினி வேலையிடத்தில் அனுமதி கேட்டு வந்திருந்தாள். அதைச் சொல்வதற்குள் மதிவாணன் அடுத்த ஆளை அழைத்துவிட்டார். வேறு யாரையோ நினைத்துக்கொண்டு பேசுகிறார் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கோத்தா திங்கியில் மழை பிடித்த அந்த வாரத்தில் எல்லாருமே நனைந்த கிழவர்களைப் போலத்தான் தெரிந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது ஜிம்மி முன்வாசலில், வழக்கமான இடத்தில் படுத்திருந்தது. கேட் பூட்டு காலையில் பூட்டியபடியே இருந்தது. அவள் குனிந்து நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்தாள். நிறம் மங்கிய பழைய பேட்ச் இருந்த இடத்தில் பளபளப்பாக ஒரு புதிய பேட்ச் தொங்கியது. பட்டை ஈரமாக இருந்தது. நாயின் உடம்பில் ஒரு துளி ஈரமில்லை.

சபாபதி செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். நாய் விஷயத்தில் சட்டத்தை அவர் ஒருநாளும் மீறியதில்லை. தடுப்பூசி தவறாது, வார் இல்லாமல் நாய் தெருவில் கால் வைக்காது, கழிவை அள்ளிப் போட அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். "நாய வளக்கிறவன்தான் மொதல்ல கட்டுக்குள்ள இருக்கணும்" என்பார். நாயைக் கூப்பிடும் அதே குரலில்தான் மகன் ரூபேந்திரனையும் கூப்பிடுவார். சிங்கப்பூரில் பத்துப் பேருக்கு மேலாளராக இருந்த ரூபேந்திரன், அந்தக் குரல் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுவான்.

அவர் இறந்ததிலிருந்து தினமும் மாலையில் நடப்பது அன்றும் நடந்தது. மழை தூறலாகக் குறைந்து, பள்ளிவாசலிலிருந்து பாங்கு ஒலி ஈரக் காற்றில் நீண்டு வர, பக்கத்து வீடுகளில் கருவாடு பொரிக்கும் வாடையும் கால்வாயிலிருந்து எழும் சேற்று நாற்றமும் ஒன்றாகக் கலந்து வாசலுக்கு வந்த அந்த நேரத்தில், ஜிம்மி எழுந்து உடம்பை உதறிக்கொண்டு, பூட்டிய கேட்டுக்கும் வீட்டுக் கதவுக்கும் நடுவே மெல்ல நடக்கத் தொடங்கியது. தனியாக நடக்கிற நாயின் நடை இல்லை அது. கழுத்து சற்றே முன்னால் இழுபட்டிருந்தது. திரும்பும் இடங்களில் மேலே பார்த்து, காத்திருந்து, பிறகு திரும்பியது. கடைசியில் கேட்டருகே உட்கார்ந்து நீளமாக ஊளையிட்டது.

அடுத்த வீட்டு ராஜம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"லோஷினி, தெனமும் இந்த நேரத்துல இப்படி ஊளையிட்டா எப்படி லா? எங்க வீட்டுல சின்னப் புள்ள இருக்கு. மஜ்லிஸ்ல சொல்லிடுவேன்னு மூணாவது வீட்டுக்காரன் வேற நிக்கிறான்."

"சாரி ஆன்ட்டி. பாக்கிறேன்" என்றாள் லோஷினி. நாய் நடந்த பாதையை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சிமெண்டுத் தரையில் நாயின் காலடிகளுக்கு வலப்பக்கமாக, திட்டுத் திட்டாக ஈரம் இருந்தது.

மறுநாள் ரூபேந்திரன் விடுப்பில் இருந்தான். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, பேட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"யாரோ வெளையாடுறான். நான் இத தோட்டத்துல கொண்டுபோய் விட்டுட்டு வந்துடறேன்."

"விடக்கூடாதுங்க. அது குத்தம். முடியலன்னா மொறைப்படி ஒப்படைக்கலாம், இல்ல யாராவது நல்ல எடமா பாத்துக் குடுக்கலாம். வளத்த நாய காட்டுல விட்டா அது என்ன பண்ணும்?"

"செத்தும் அவரு சொன்னபடிதான் நான் நடக்கணுமா?"

அவன் குரல் உயரவில்லை. எழுந்துபோய்க் காடியின் பின்கதவைத் திறந்தான். ஜிம்மி தானாகவே போய்க் காடியில் ஏறியது. பின் இருக்கையில், ஓர் ஓரமாக ஒதுங்கி, பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தது.

இருட்டுவதற்கு முன்பே அவன் திரும்பி வந்துவிட்டான். கால்சட்டை முட்டி வரை செம்மண். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தவன், அவள் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"விட்டாச்சு" என்றான். "ரொம்ப உள்ள. பட்டையக் கழட்டி பாலத்துலேருந்து ஆத்துல போட்டுட்டேன். யாரு புடிச்சாலும் நம்ம வீட்டு நாயின்னு தெரியாது."

"பின்னாடி ஓடி வரலையா?"

அவன் இல்லையென்று தலையசைத்தான்.

"அது என்னைப் பாக்கவே இல்ல, லோஷி. எனக்குப் பின்னாடி, காடியத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. வால ஆட்டுச்சு. நான் ஏறினதும் அப்படியே திரும்பி செம்பனைக்குள்ள போயிடுச்சு. போகச் சொல்லி யாரோ சொன்ன மாதிரி." அவன் தம்ளரைப் பார்த்தான். "வர்ற வழியெல்லாம் பின் சீட்டுலேருந்து தண்ணி சொட்டுற சத்தம். நான் திரும்பல."

"எந்திரிச்சுக் குளிங்க. சாப்பிடலாம்."

அவள் சமையலறைக்குப் போனாள். சோற்றுப் பானையின் மூடி மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது. மழை மறுபடியும் வலுத்து, கூரைத் தகட்டில் விழும் சத்தத்தில் மற்ற ஒலிகளெல்லாம் அமுங்கிப் போக, வெங்காயத்தை நறுக்கிக்கொண்டிருந்தவளுக்கு அந்த அமுக்கத்துக்கு அடியில் வேறொன்று கேட்கத் தொடங்கியது. மூச்சு. வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு, வேகவேகமாக இழுத்து விடும் மூச்சு. கத்தியைக் கீழே வைத்தாள். மனதில் முதலில் எழுந்தது பயமில்லை, ஒரு சின்ன ஆறுதல். ஜிம்மி வழி கண்டுபிடித்துத் திரும்பி வந்துவிட்டது. நாளைக்கே அதற்கு நல்ல இடமாகப் பார்த்துவிடலாம்.

"நாய் வந்துடுச்சு போலங்க" என்றாள் உரக்க.

பதில் இல்லை.

பாங்கு ஒலிக்கத் தொடங்கியது.

கூடத்துக்கு வந்தாள். நாற்காலி காலியாக இருந்தது. தண்ணீர் தம்ளர் தரையில், சுவரோரமாக, சிந்தாமல் வைக்கப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் அவனுடைய கைப்பேசி. அதன் பக்கத்தில் மூக்குக் கண்ணாடி. கையில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே வைத்துவிட்டு எழுந்திருக்கிறான்.

முன்கதவு திறந்து கிடந்தது.

வாசலிலிருந்து வாடை வந்தது. ஈர மண். பழைய சிகரெட். சவ அடக்கத்தன்று மாமனாருக்குப் பூசிய சந்தனம்.

மூச்சுச் சத்தம் இப்போது மிக அருகில்.

அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். விளக்கின் சுவிட்சைத் தேடினாள். கிடைத்தது. போட்டாள்.

ஜிம்மி இல்லை.

ரூபேந்திரன்.

மண்டியிடவில்லை. விழுந்து கிடக்கவும் இல்லை. இரண்டு உள்ளங்கைகளையும் ஈரத் தரையில் ஊன்றி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். முகம் வலப்பக்கமாக, மேல்நோக்கி உயர்ந்திருந்தது. அங்கே யாருமில்லை. கூரை இருந்தும் அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் வாய் திறந்திருந்தது.

அந்த மூச்சு அவனுடையது.

"என்னங்க."

அவன் திரும்பவில்லை.

"ரூபன்."

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவன் காது அசைந்ததைப் பார்த்தாள். காது மட்டும்.

அப்போது அவன் நெற்றி முடி அமுங்கியது. மெதுவாக. நெற்றியிலிருந்து உச்சிக்கு, உச்சியிலிருந்து பிடரிக்கு. அமுங்கிய முடியிலிருந்து தண்ணீர் வழிந்து காதோரம் இறங்கியது. மறுபடியும் நெற்றியிலிருந்து தொடங்கியது. பிறகு பிடரியில் நின்றது. அங்கே தோல் குழிந்தது. நான்கு குழிகள் ஒரு பக்கம். ஒரு குழி மறுபக்கம்.

 

ரூபேந்திரன் கண்களை மூடிக்கொண்டான். தலையை அந்தப் பிடிக்குள் இன்னும் கொஞ்சம் கொடுத்தான்.